சத்தம் கொடுக்காமல் ஏறியவன்

பேரீச்சை மரத்தின் உச்சியில் நிற்பவனுக்கு ஊரில் மறைவு என்று ஒன்று கிடையாது. எந்த முற்றத்தில் யார் தலை உலர்த்துகிறாள், எந்த வீட்டுச் சண்டை இன்னும் ஆறவில்லை, யார் வீட்டுச் சட்டியில் கறி வேகிறது, எல்லாம் அவன் காலடியில் கிடக்கும். அதனால் எங்கள் ஷெனினி ஊர்த் தோப்புகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மரமேறுகிறவன் அடிமரத்தில் நின்று ஒரு தரம், பாதி மரத்தில் ஒரு தரம், "யா சாத்தர்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மறைத்துக் காப்பவனே என்று படைத்தவனைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. கேட்டதும் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். கத்தாமல் ஏறியவனுக்கு அப்புறம் யாரும் மரம் கொடுக்க மாட்டார்கள், பெண்ணும் கொடுக்க மாட்டார்கள்.

பெல்காசெம் இந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறியதில்லை. அவன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போல இருக்கும். இருந்தாலென்ன? கை அப்படிப்பட்ட கை. மரத்தின் தலையைச் சீவி லக்மி இறக்குவது, அதுதான் எங்கள் ஊர்ப் பதநீர், பலருக்கும் தெரியும். சீவிய மரத்தைப் பிழைக்க வைப்பதுதான் வித்தை. பேரீச்சைக்கு உயிர் உச்சியில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றிச் சீவி, சாறு வாங்கி, கடைசியில் அந்த ரணத்தை ஆற்ற வேண்டும். அழுகியதைச் சுரண்டி, சாம்பல் தூவி, பன்னாடை போட்டு மூடி, மறுபடி திறந்து பார்த்து, புதுக் குருத்து வரும்வரை பிள்ளை பெற்றவளைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டும். ஒரு விரல்கடை ஆழமாகச் சீவினால் மரம் செத்தது. பெல்காசெம் கையில் ஒரு மரமும் சாகவில்லை. "மர டாக்டர்" என்று கிண்டலாக ஆரம்பித்த பேர், கிண்டல் போய் பேராகவே நின்றுவிட்டது.

அந்தப் பேருக்கு வினையாக லிபியாவிலிருந்து வந்து சேர்ந்தான் தீஜானி.

இதே ஊர்க்காரன்தான். போன இடத்தில் பெரிய தோட்டங்களில் மரம் பார்த்தவன். பெண்டாட்டி செத்துப்போக, ஊரே கதி என்று திரும்பிவிட்டான். இடுப்பில் வார்ப்பட்டை, அதில் இரும்புக் கொக்கி, காலில் முள் வைத்த பூட்ஸ். அதெல்லாம்கூடப் போகட்டும். குரல்! வாலிபத்தில் கல்யாண வீடுகளில் பாடினவன். அவன் "யா சாத்தர்" என்று இழுத்தால், முக்காட்டை இழுக்க வேண்டிய பெண்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு காது கொடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு. பேச்சை யார் கிளப்பினார்கள் என்று கேட்டால், பெல்காசெம்தான்.

"மரத்துக்கு வைத்தியம் பாக்க வந்தானா, கச்சேரி பண்ண வந்தானா?" என்று வீட்டில் வந்து பொரிவான்.

அவன் மனைவி ஹல்லூமா மாவு பிசைவதை நிறுத்தாமல் சொல்வாள்: "உங்க குரலைக் கேட்டுக் கழுதையே கயிறை அத்துக்கிட்டு ஓடுது. அவன் நல்லாக் கத்தினா உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

"எனக்கென்ன வயித்தெரிச்சல்? எனக்கா? அவனைப் பார்த்தா?"

"இல்ல, எனக்குத்தான்."

அந்த வருஷம் பெல்காசெம் கையில் இருந்தது பக்கத்து வீட்டு ஷெல்பியாவின் மரம். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரை ஒட்டி நிற்கும் மரம். ஒவ்வொரு தரம் சீவி ஆறும்போதும் தண்டு அந்த இடத்தில் ஒடுங்கி இடுப்புப் போல ஆகிவிடும். இதற்கு ஏற்கெனவே இரண்டு இடுப்பு. மூன்றாம் தரம் தாங்காது என்று ஊர் சொன்னது. "தாங்காட்டி என் மீசையைச் செரைச்சுக்கிறேன்" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் பெல்காசெம் சொல்லிவிட்டான். சாறு இறக்கி முடிந்தது. ரணத்தை மூடியாயிற்று. இனி குருத்து வர வேண்டும். வந்தால் அவன் பேர் நிற்கும். வராவிட்டால் மீசையோடு பேரும் போகும்.

அந்தச் சமயம் பார்த்துக் கால் முறிந்தது. மரத்திலிருந்து விழுந்திருந்தாலாவது மரியாதை. வாய்க்கால் கரையில் மோபிலெட் வண்டியில் வந்துகொண்டிருந்தவன், எங்கிருந்தோ தீஜானியின் குரல் கேட்டு, எவன் வீட்டு மரம் என்று கழுத்தைத் திருப்பினான். அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், வாய்க்கால் தண்ணீர் வாய்க்குள். ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை வெள்ளைக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அவன் படுத்த இரண்டாம் நாளே ஷெல்பியா தீஜானியைக் கூப்பிட்டுவிட்டாள்.

பெல்காசெம் கட்டிலை முற்றத்தில் போடச் சொல்லி, ஊன்றுகோலால் சுவரைத் தட்டினான். "ஷெல்பியாக்கா! என் மரத்துல அவன் கை படக் கூடாது!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "உன் மரமா? அடேய், மரம் எங்க அப்பன் வச்சது. நீ கட்டில்ல கிடப்ப, ரணம் புழுத்துப் போகணுமா? உன் கால் ஆறுற வரைக்கும் மரம் உனக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குக் கோபம்தான் பதில் என்பது பெல்காசெமின் சுபாவம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து தலைக்கு நேர் மேலே அந்தக் குரல் வந்தது. காலையிலும் மாலையிலும் "யா சாத்தர்" என்று அடிமரத்தில் எழும், பாதி மரத்தில் இன்னும் ஒரு படி ஏறி நிற்கும். படுத்தபடி பெல்காசெம் மனைவியையே பார்ப்பான். அவள் தலையில் இருப்பதைச் சற்று முன்னே இழுத்துவிட்டுக்கொண்டு பச்சை மிளகாய் நறுக்குவாள்.

"உள்ள போனா என்ன?"

"அடுப்பு இங்கதானே இருக்கு? நான் என்ன, திறந்த தலையோடயா இருக்கேன்?"

தலை என்றதும்தான் கவனித்தான். தினமும் கட்டுகிற சிவப்புத் துணியைக் காணோம். பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற பச்சைத் துணியைக் கட்டியிருந்தாள்.

"சிவப்பு எங்க?"

"காஞ்சுக்கிட்டிருந்துச்சு. காத்துல போயிருச்சு."

அன்று ஒரு ஓலைகூட ஆடவில்லை. மரமேறுகிறவனிடம் காற்றைப் பற்றிப் பொய் சொல்லலாமா? பெல்காசெமின் நெஞ்சில் தணல் விழுந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் தீஜானியின் கொக்கிமேல் பொறாமை, பூட்ஸ்மேல் பொறாமை, குரல்மேல் பொறாமை. அதையெல்லாம் ஒரு மனிதன் தாங்கலாம். இது வேறு.

அப்புறம் ஒரு நாள் கண் அயர்ந்து விழித்தபோது ஹல்லூமா முற்றத்து நடுவில் நின்று அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தாள். மேலே ஓலைக்குள்ளிருந்து ஒரு முனகல் பதில் வந்தது. இவன் அசைந்ததும் அவள் சட்டென்று குடத்தை எடுத்தாள்.

"யாரோட பேச்சு?"

"மரம் எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"மரம் உனக்கு மாமியாரா, நலம் விசாரிக்க?"

"ஏ மனுஷா," என்று குடத்தை டங்கென்று வைத்தாள். "இருபத்தேழு வருஷம் உங்க கூடக் குடும்பம் நடத்திட்டேன். அதுக்கே எனக்குத் தனியாச் சொர்க்கம் கொடுக்கணும். இனி இன்னொருத்தனா? வேற வேலை இல்ல?"

சிரிக்க வேண்டிய பதில்தான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். சந்தேகப்பட்டவன் காதில் சிரிப்பும் சாட்சியாகத்தான் விழும். இவள் ஏன் இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை தீஜானி வருவதற்கு முன்னால் ஏறிவிடுவது என்று முடிவு செய்தான். மரத்தின் தலையில் விட்டுவைத்த ஓலைகளுக்குள் பதுங்கியிருந்தால், இவள் யாரிடம் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துவிடும். அவன் மரத்தை என்ன லட்சணத்தில் வைத்திருக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். ஹல்லூமா மாவு பிசைய உள்ளே போனதும், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழைய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவர்மேல் தொற்றி மரத்தைப் பிடித்தான்.

வெள்ளைக் கட்டோடு மரமேறினவன் எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான். நல்ல காலும் இரண்டு கையுமாக மட்டையடிகளைப் பற்றி, பல்லைக் கடித்து, வலியில் கண் இருட்ட ஏறினான். அடிமரத்தில் வாயைத் திறக்கவில்லை. பாதி மரத்தில் நாக்கு தானாக எழுந்தது. பழகிய நாக்கு. அதைக் கடித்து அடக்கினான். வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தம் கொடுக்காமல் உச்சிக்குப் போனான்.

போய்ப் பார்த்தால், ரணத்தை மூடிய பன்னாடைமேல், இறுக்கி, முடிச்சுப் போட்டு, ஹல்லூமாவின் சிவப்புத் தலைத்துணி.

அதன் ஓரத்தில் அடுப்புத் தீ பட்டு ஓட்டையான இடம்கூட அவனுக்குத் தெரியும். அவன் வாங்கிக் கொடுத்த துணி. ரத்தம் தலைக்கேறியது. கட்டு இருக்கும் முறையாவது சரியா? அவன் எப்போதும் காற்றாடத் தளரத்தான் மூடுவான். இது கழுத்தை நெரிப்பது போல் இறுக்கம். "பாவி, என் வீட்டையும் கெடுத்து, என் மரத்தையும் கொல்றியா?" என்று துணியைப் பன்னாடையோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

நொறுக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

பன்னாடைக்குள் சாண் நீளத்துக்கு ஒரு குருத்து. வெண்மையும் மஞ்சளுமாக, ஈரம் மாறாமல். நுனி நாரோடு சிக்கியிருந்தது. அடியில் ஒடிந்து அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை மரங்களில் இந்த ஒரு விரல் வெண்மைக்காகக் காத்திருந்தவன். கையை விரித்தால் காணாமல் போய்விடாதா என்பது போல விரித்து விரித்துப் பார்த்தான்.

கீழே ஹல்லூமா முற்றத்துக்கு வந்தாள். மாலை வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தாள். ஓலை அசைவது தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

"தீஜானி! அதுக்குள்ள ஏறிட்டியா? சத்தமே கேக்கலியே. சரி, குருத்து நல்லா இருக்கா? வெயில் படாம துணி நிக்குதா? ஷெல்பியாக்காகிட்ட இன்னும் மூச்சு விடாதே. ஊர்ல யாருக்கும் சொல்லாதே. இன்னும் பத்து நாள்ல அவருக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. அவரே ஏறி, அவரே திறந்து, மொதல்ல அவர் கண்ணாலதான் பாக்கணும். அந்த மீசைக்கு அந்த ஒரு சந்தோஷத்தைக் கொடுத்துரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மேலே ஓலை மறுபடி அசைந்தது.

"என்ன, நாக்கை மரத்துல ஒட்ட வச்சிட்டியா?" என்று ஒரு பக்கம் நகர்ந்து பார்த்தாள். ஓலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் கட்டு. "அல்லாவே! இது நம்ம வீட்டுக் காலாச்சே!"

அவள் அலறிய அலறலில் பக்கத்து மாடியில் மருதாணி பூசிய தலையோடு உட்கார்ந்திருந்த ஷெல்பியா அண்ணாந்தாள். அடுத்த வீட்டில் துணி உலர்த்திய இரண்டு மருமகள்களும் அண்ணாந்தார்கள். மூன்று பேர் தலையிலும் ஒரு துணி இல்லை. அப்புறம் எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது.

"சத்தம் கொடுக்காம ஏறிட்டான்! அடேய் பெல்காசெம், உனக்குக் கண் அவிஞ்சு போக! இந்த வயசுல உனக்கு இது தேவையாடா?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே, அடிமரத்தில், நிதானமாக, சுருதி பிசகாமல் எழுந்தது: "யா சாத்தர்!"

தீஜானி ஏறி வந்து கொக்கியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ரணத்தைப் பார்த்தான். பெல்காசெமின் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒடிச்சிட்டேன்" என்றான் பெல்காசெம்.

"சாம்பல் எங்கண்ணே? எடுத்துட்டு வரலியா? சரி, எங்கிட்ட இருக்கு."

"ஒடிஞ்ச இடத்தைச் சீவிரு. வெள்ளைச் சதை தெரியிற வரைக்கும் ஒரு விரல் எறக்கிச் சீவணும். அப்பத்தான் அழுகாது. நான் அப்படித்தான் செய்வேன்."

"சீவ வேண்டாம்ணே."

"நான் சொல்றேன், சீவு!"

தீஜானி கத்தியை உறையிலேயே விட்டான். ஒடிந்த இடத்தில் சாம்பலை மட்டும் மெதுவாகத் தூவி, பன்னாடை வைத்து, சிவப்புத் துணியை உதறி மறுபடி கட்டினான். "வெயில் சுடுது, துணி வேணும்னு ஷெல்பியாக்காகிட்டதான் கேட்டேன். சுவருக்கு உங்க வீட்டுப் பக்கமிருந்து இது வந்துச்சு" என்றான், கேட்காத கேள்விக்கு. பிறகு தன் வார்ப்பட்டையைக் கழற்றிப் பெல்காசெமுக்கு மாட்டி, லாரியிலிருந்து ஆட்டை இறக்குவது போல மெல்ல மெல்லக் கீழே இறக்கினான். தெருவே நின்று பார்த்தது.

மறுநாள் சுற்றுவீட்டு ஆண்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். முகம் கடுகடுவென்றிருந்தது. சத்தம் கொடுக்காமல் ஏறியது ஏன் என்று கேட்டார்கள். பெல்காசெம் தலையைக் குனிந்துகொண்டான். தேநீர் கொண்டுவந்த ஹல்லூமா தட்டை வைத்துவிட்டு முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள்:

"உங்க வீட்டுப் பொம்பளைங்களை அவர் பாக்கல. நீங்க நிம்மதியாப் போங்க. அவர் ஏறினது எங்க வீட்டைப் பாக்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஷெல்பியாவின் மகன் தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினான். அதன்பின் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். குற்றம் அங்கேயே தள்ளுபடியானது. ஆனால் சிரிப்பு தள்ளுபடியாகவில்லை. தோப்பு வழியே அவன் போனால், "டாக்டர், இன்னிக்கு உங்க வீட்டைப் பாக்க எந்த மரம்?" என்று மரத்துக்கு மரம் கேட்டார்கள்.

வீட்டில் ஹல்லூமா ஒரு வாரம் பேசவில்லை. ரொட்டியை வைப்பாள், போவாள். எட்டாம் நாள் அவன் கடைக்குப் போய் ஒரு சிவப்புத் தலைத்துணி வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, "சாயம் போகும்" என்றாள். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

கட்டுப் பிரித்து, கால் தேறி, குளிர் முடிகிற சமயத்தில் அவன் மறுபடி அந்த மரத்தில் ஏறினான். அடிமரத்தில் கத்தினான், பாதி மரத்தில் கத்தினான். தகர டப்பா உருண்டது. ஒருத்தி பாக்கியில்லாமல் பெண்கள் முக்காட்டை இழுத்தார்கள். மேலே போய் வெளுத்துப்போன சிவப்புத் துணியை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, பன்னாடையை நார் நாராக விலக்கினான்.

புதுக் குருத்து வந்திருந்தது. ஒடிந்த தழும்புக்குச் சரியாக ஒரு விரல்கடை கீழேயிருந்து, தழும்பை ஒதுக்கிக்கொண்டு, நேராக. சீவு சீவு என்று அவன் கத்திய இடம் அதுதான். தீஜானி அன்றைக்கு அவன் பேச்சைக் கேட்டிருந்தால் மரம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"வந்துருச்சா?" என்று கீழேயிருந்து ஹல்லூமா கேட்டாள்.

"வந்துருச்சு" என்றான். நெடுநேரம் இறங்கவில்லை.

ஷெல்பியா குலவையிட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். டீக்கடையில் பெல்காசெமைத் தோளில் தட்டி உட்காரவைத்தார்கள். மூன்றாவது இடுப்பும் நின்றுவிட்டது, மீசை பிழைத்தது, கைன்னா இது கை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூலையில் தீஜானி கடலை போட்ட தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தன் பங்கைக் கேட்டிருந்தால், "போடா" என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதன் கடலையை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பெல்காசெமுக்கு அந்த மௌனம்தான் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கய்யா!" என்று எழுந்தான். "முதல்ல வந்த குருத்தை ஒடிச்சவன் நான். நான் இன்னும் சீவச் சொன்னேன். அவன் சீவல. மரத்தைப் பிழைக்க வச்சது அவன் கை. என் கை இல்ல."

எல்லோரும் தீஜானியைப் பார்த்தார்கள்.

"காத்துல ஒடிஞ்சிருக்கும்ணே" என்றான் தீஜானி. "அதுக்குப் போயி ஏன் இவ்வளவு பேச்சு? தேநீர் ஆறுது, குடிங்க."

ஆகா, என்ன மனுஷன், என்ன பெருந்தன்மை என்று கடை மொத்தமும் தீஜானி பக்கம் சாய்ந்தது. முப்பது வருஷத்துப் பேரை நடுக்கடையில் அவிழ்த்து வைத்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னவன் நின்றுகொண்டிருந்தான், பொய் சொன்னவனுக்கு இன்னொரு தேநீர் வந்தது.

பெல்காசெம் வீட்டுக்கு வந்து கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். நடந்ததை மனைவியிடம் சொன்னான்.

"நல்ல காரியம்தானே செஞ்சிருக்கீங்க? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அதைக்கூட என்னைவிட நல்லாச் செஞ்சிட்டான்டி" என்றான் பெல்காசெம். கண் கலங்கிவிட்டது.

ஹல்லூமா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் முறிந்த காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். தெருக்கோடியில் யார் வீட்டு மரத்திலிருந்தோ அந்தக் குரல் எழுந்தது. அவள் கை எண்ணெயாக இருந்தது. பெல்காசெம் எட்டி அவளுடைய புதுச் சிவப்புத் துணியை நெற்றிவரை இழுத்துவிட்டான்.

"ரொம்ப தூரத்துல இருக்கான்" என்றாள் அவள்.

"இருக்கட்டும்" என்றான். "இன்னும் கொஞ்சம் இழுத்துக்க."